வலப்பக்கம் மேலே

கமாயா, அகிதா
12 மார்ச் 1994

அன்புப் பேத்தி சனாயேவுக்கு,

நம் குளியலகக் கூரையில் கிடந்த பனி இன்று காலை மொத்தமாகச் சரிந்து விழுந்தது. ஆண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பூகம்பம் என்று நினைத்து அப்படியே எழுந்து வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். நான் கல்லா மேடையிலிருந்து ஒரு துண்டைத் தூக்கிப் போட்டேன். ஆள் இரண்டு, துண்டு ஒன்று. அதற்குப் பிறகு நடந்ததை எழுத முடியாது.

மற்றபடி இங்கே எல்லோருக்கும் உடம்பு தேவலை. பாய்லர் அறைப் புகையில் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து வரைகிற வேலை. வெந்நீர்த் துணியை வைத்து ஒத்தடம் கொடு. குளியலகத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கார்ட்டூன் கம்பெனியில் மூன்று வருடம் மற்றவர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் வருகிற படங்களைப் போட்டுக் கொடுத்தாய். இந்தத் தடவை முழு ஷாட்டையே வரைய உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். படம் முடிந்து ஓடுகிற பெயர்களில் உன் பெயரும் வரும். ஆனால் போன் இருப்பது கல்லா மேடையில். "பேரு வருதா? உன் பேரு வருதா?" என்று நான் கத்தியது ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டிலும் கேட்டுவிட்டது. டோஃபு கடை தோமே தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"பேரு வருதாமே? எங்க பேரன் பேரு செண்டாய் பேங்க்ல கதவு மேலேயே இருக்கு."

"கதவை யாராவது வீடியோ கேசட் கடையில வாடகைக்கு எடுத்து வீட்டுல போட்டுப் பார்ப்பாங்களா?" என்றேன். போய்விட்டாள்.

ஆகவே இனி இந்த விஷயம் கடிதத்தில்தான். என்ன கதை அது? நரிக் கதையா, முயல் கதையா? கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? காய்ந்த சீமைப்பனிச்சைப் பழமும் புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயும் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கொடு.

குளிர் இன்னும் போகவில்லை, காலுறை போட்டுக்கொள்.
பாட்டி ஷிகே


நெரிமா, டோக்கியோ
30 மார்ச் 1994

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே ரயிலடியில் செர்ரி மொட்டு விட்டாயிற்று. ஊறுகாய் வந்த அன்றே தீர்ந்தது. எங்கள் இயக்குநர் இசோகாய் சார் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு, "இதுக்கு யாரு பொறுப்பு?" என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். அப்பாவின் இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா?

கதை பழைய காலத்துக் கதை, பாட்டி. ஜின்னாய் என்று ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். நிறைய பனி வரும். மலை வரும். ஒரு குதிரையும் உண்டு. எல்லாமே கையால் வரைவது என்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. பெயர் ‘பாழ்க்கணவாய்’. ஜூலையில் கேசட்டாக வெளிவரும்.

கேட்கிறவர்களிடம் மலைக் கதை என்று சொன்னால் போதும்.

கழுத்து பரவாயில்லை. குளிக்கும்போதெல்லாம் உங்களை நினைக்கிறேன்.
சனாயே


கமாயா
20 ஏப்ரல் 1994

சனாயே கண்ணுக்கு,

ஆற்றில் பனித் தண்ணீர் பெருகி ஓடுகிறது. அப்பாவுக்கு இருமல் நின்றது. எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது, முழங்காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நல்ல செய்தி. ஜூலை மாதம் கடைசிச் செவ்வாய், நமக்கு விடுமுறை நாள், பெண்கள் உடை மாற்றுகிற அறையில் உன் படத்தைப் போடப் போகிறேன். டிவி அங்கே இருக்கிறது. கேசட் போடுகிற பெட்டியை அரிசிக்கடைக்காரர் தருகிறார். மகளிர் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இனே அம்மாவும் வருகிறார். எண்பத்தெட்டு வயதில் படம் பார்க்க மேடேறி வருகிறேன் என்கிறார், உன் யோகத்தைப் பார். பாலர் பள்ளி டீச்சரிடமும் சொன்னேன். "குதிரை வருமாம், பனி வருமாம், பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். இருபத்திரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு பால் புட்டி கொடுப்பதாக உன் அப்பா ஒத்துக்கொண்டுவிட்டான்.

தோமே, "முன் வரிசையில எனக்கு இடம் வேணும், கண்ணு சரியாத் தெரியாது" என்கிறாள். போன வாரம் மீனுக்குள் முள்ளை எண்ணியவள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
பாட்டி


நெரிமா
28 மே 1994

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இங்கே இப்போதே புழுங்குகிறது, வியர்வை தாளில் படாமல் இருக்க கைக்குக் கீழே துணி வைத்துக்கொண்டு வரைகிறோம். முழங்கால் எப்படி இருக்கிறது? நான் கேட்கிறேன்.

பாட்டி, படம் போடுவதை விட்டுவிடுங்களேன். பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டாம். இது பெரியவர்களுக்காக எடுத்த படம். இனே அம்மாவின் நெஞ்சுக்கும் ஆகாது. பெயர் ஓடுகிற இடத்தை மட்டும் ஒரு கேசட்டில் பதிந்து அனுப்புகிறேன், அதைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நிமிடம்தான் வரும், ஆனால் தெளிவாக இருக்கும்.

வேறொன்றுமில்லை. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
சனாயே


கமாயா
6 ஜூன் 1994

சனாயேவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துண்டு எதுவும் காய்வதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பெரியவர்களுக்கான படம் என்றால் துணி இல்லாமல் வருகிற படமா? நாற்பது வருடமாக இந்த மேடையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்க்கிறேன். இந்த ஊரில் எவனுக்கு எங்கே மச்சம் என்று எனக்குத் தெரியும். என்னிடம் எதை மறைக்கிறாய்?

இல்லை, எங்களைப் பார்த்து வெட்கமா? டோக்கியோக்காரர்கள் பார்க்கிற படத்தைக் குளியலகத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்களே என்று இருக்கிறதா? அப்படியானால் ஒரு வரி எழுது. நிறுத்திவிடுகிறேன். தோமேயிடம் ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

சாப்பிட்டாயா என்று கேட்க மறக்கவில்லை. கோபத்திலும் கேட்கிறேன்.
பாட்டி


நெரிமா
14 ஜூன் 1994

என் அன்புப் பாட்டிக்கு,

வெட்கமா! உங்களைப் பார்த்தா? இனி ஒருநாளும் அப்படி எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறையில் போய் அழுதேன்.

அப்படிப்பட்ட படம் இல்லை. இரத்தப் படம், பாட்டி. ஜின்னாய் வாளை எடுத்தால் யாராவது இரண்டாகிறார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர் சாகிறார்கள். அதில் ஒன்பது பேரைக் கொன்றது நான். ஒருவனுடைய கை மரத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. அதை வரைய எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தக் கை நன்றாக வந்திருக்கிறது என்று இசோகாய் சார் தோளில் தட்டினார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு ஷாட்டை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். கடைசிச் சண்டைக்கு முன்னால் ஜின்னாய் இடிந்த கோயிலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். ஆறு விநாடி. இரத்தம் இல்லை. அது முழுக்க என்னுடையது.

உங்கள் முழங்காலுக்கு ஒரு வெந்நீர்ப் பை அனுப்பியிருக்கிறேன். குளியலகத்துக்கு வெந்நீர் அனுப்புகிறேன் என்று சிரிக்காதீர்கள்.
சனாயே


கமாயா
2 ஆகஸ்ட் 1994

என் தங்கம் சனாயேவுக்கு,

வெயில் கொளுத்துகிறது, பார்லித் தண்ணீரைக் குடத்தில் வைத்து ஊற்றுகிறோம். உடம்புக்கு எல்லோரும் சுகம், உன் வெந்நீர்ப் பையைத் தோமேகூட இரவல் கேட்டாள். கொடுக்கவில்லை.

படம் போட்டாயிற்று! ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கேசட்டை விலைக்கே வாங்கினேன். வீடியோ கடைக்காரரின் மருமகள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது பதினெட்டு வயசுக்கு மேலதான்" என்றாள். "பதினெட்டை நான் மூணு தடவை தாண்டிட்டேன், எடு" என்றேன். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலைக் கொடுத்து வாசலோடு அனுப்பினோம். பெண்கள் பத்தொன்பது பேர் பாயில் உட்கார்ந்தோம். தோமே முன் வரிசை. ரிமோட்டும் அவள் கையில்.

முதல் பத்து நிமிடத்தில் ஏழு தலை. எல்லோரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டோம். பிறகு அரிசிக்கடை அம்மா, "ஐயோ, அந்தத் தரையை யாரு கழுவுறது?" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. "இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணிதான், வெந்நீர் ஊத்தினா ஏறிக்கும்." "அந்தக் குதிரைக்கு ஒண்ணும் ஆகாதே?" "அவன் நல்லவன், அவன் தலையையும் எடுத்துட்டான் பாரு பாவி." கை மரத்தில் மாட்டியதும் நான் எழுந்து நின்று, "இது என் பேத்தி!" என்றேன். கைதட்டினார்கள். இனே அம்மாவின் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் ஒரு தடவை போடு" என்றார்.

பிறகு கோயில் வந்தது. ஜின்னாய் உட்கார்ந்து அகப்பையில் தண்ணீரைக் குடிக்கிறான். நீ சொன்ன ஷாட். அப்போது தோமே படத்தை நிறுத்தினாள்.

"ஏ ஷிகே. அவன் சட்டையைப் பாரு. வலப்பக்கம் மேலே இருக்கு."

நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். உனக்கு நாலு வயதில் நீயே கிமோனோ கட்டிக்கொண்டு வந்து நின்றபோது கையில் ஒரு அடி போட்டேனே, அதே கட்டு. உயிரோடிருக்கிறவர்களுக்கு முன்மடிப்பில் இடப்பக்கம் மேலே வரும். பிணத்துக்குத்தான் வலப்பக்கம் மேலே.

"பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கா. குளியலகத்துல வளர்ந்த பொண்ணுக்கு இதுகூடவா தெரியல?" என்றாள் தோமே. பதினெட்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "தெரியாமலா? அதுக்கு முன்னாடி எல்லாத்திலும் சரியாத்தானே இருக்கு? போட்டுப் பாரு! அவனுக்குத் தெரியும்டி, இனி திரும்பி வரமாட்டோம்னு. செத்தா கட்டிவிட ஆளில்லை. அதான் தானே அவிழ்த்து மாத்திக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!" என்றேன்.

தோமே படத்தை ஓடவிட்டாள். தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவன் வைக்கோல் போர்வையை எடுத்து மேலே போர்த்திக்கொண்டான். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் உள்ளே இருக்கிற கட்டு வெளியே தெரியவில்லை. ஒருவருக்கும் காட்டாமல் மறைத்துக்கொண்டு போகிறான்! இந்த ஊரில் இறந்தவர்களையெல்லாம் கழுவி உடுத்திவிடுகிற இனே அம்மா மெதுவாகச் சொன்னார்: "எத்தனையோ பேருக்கு நான் கட்டிவிட்டிருக்கேன். தானாக் கட்டிக்கிட்டவனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." அழ ஆரம்பித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். தோமே கண்ணில் வியர்வை விழுந்துவிட்டதாம்.

உன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, டிவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். பெட்டிக்குள் படத்தைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி ஒரு அஞ்சலட்டை இருந்தது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் சொன்னது சரிதானே, சனாயே? நீ அப்படி நினைத்துத்தானே வரைந்தாய்?

உன் கையை முத்தமிடுகிறேன்.
பாட்டி


நெரிமா
19 ஆகஸ்ட் 1994

அன்புள்ள பாட்டிக்கு,

மூதாதையர் நாளுக்கு ஊருக்கு வரமுடியவில்லை. தாத்தாவுக்கு என் சார்பில் ஊதுவத்தி ஏற்றியிருப்பீர்கள். இங்கே வெயில் குறையவில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் ஹொசாக்கா அண்ணன் ஒரு தர்ப்பூசணி வாங்கி வந்தார், எல்லோரும் தின்றோம்.

எல்லோருக்கும் படம் பிடித்ததில் சந்தோஷம். இனே அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வேலை இருக்கிறது.
சனாயே


கமாயா
25 செப்டம்பர் 1994

சனாயேவுக்கு,

அறுவடை ஆரம்பித்துவிட்டது. வயலில் இருந்து வருகிறவர்கள் குளித்தால் தொட்டித் தண்ணீர் சேறாகிறது. உன் அப்பா இரண்டு தடவை மாற்றுகிறான். நாங்கள் சுகம்.

நீ கடைசியாக எழுதியதில் தர்ப்பூசணி மட்டும்தான் இருந்தது. நான் ஒன்று கேட்டிருந்தேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும். எட்டாம் தேதி ஒரு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உடம்புக்கு ஏதாவதா? யாராவது ஏதாவது சொன்னார்களா?

கேட்டதற்குப் பதில் வேண்டாம். உயிரோடிருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.
பாட்டி


நெரிமா
9 அக்டோபர் 1994

என் பாட்டிக்கு,

உயிரோடிருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களைத் தவிக்கவிட்டேன், அதற்கு முதலில் தலை வணங்குகிறேன். இந்தக் கடிதத்தைக் கல்லா மேடையில் வைத்துப் படிக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, பாட்டி. நான் அப்படி நினைத்து வரையவில்லை.

அந்த ஷாட்டை முதலில் ஜின்னாய் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தேன். அடுத்த ஷாட்டோடு சேராது, இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். முதலிலிருந்து மறுபடி வரைய நாள் இல்லை. நாங்கள் வரைகிற மேசை கண்ணாடி, அடியிலிருந்து வெளிச்சம் வரும். தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து படியெடுத்தேன். அப்படிச் செய்தால் வாள் வலது இடுப்புக்குப் போய்விடும். அதை ஞாபகமாக இடது இடுப்புக்கு மாற்றினேன். வாளை மாற்றிய சந்தோஷத்தில் சட்டையை மறந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் வாள் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கே தெரியாது. படித்துவிட்டு கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். தோமே அம்மா சொன்னதுதான் சரி.

அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. தர்ப்பூசணியை எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் இசோகாய் சார் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு அஞ்சலட்டையை வாசித்தார். "உயிரோடிருக்கிறவன் தன் கையாலேயே வலப்பக்கத்தை மேலே போட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை பேசாமல் அதைக் காட்டிவிட்டார்கள். அதை வரைந்தவர் யாரோ, அவரை வளர்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்." கீழே சுகாவாரா ஷிகே என்று உங்கள் பிறந்த வீட்டுப் பெயர். அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். அச்சடித்த வரியைத் தாண்டி மேலே ஏறுகிற எழுத்து உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

"நான் இதைச் சொல்லவே இல்லையே. நீயாவா செஞ்சே?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அட்டை சுவரில் ஏறியது. அடுத்த படத்தின் நாயகன் எந்த ஷாட்டில் வந்தாலும் மற்றவர்கள் வரைந்ததைத் திருத்தி முடிவு செய்கிற இடத்தை எனக்குக் கொடுத்தார். இருபத்து நாலு வயதில் அந்த இடம் இங்கே யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு அது வேண்டும் பாட்டி. எவ்வளவு வேண்டும் என்று எழுதத் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் அந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தேன். உங்கள் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. உங்கள் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். போன திங்கட்கிழமை அந்த ஷாட்டின் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"சார், வேணும்னு செய்யல. தாளைத் திருப்பிப் போட்டு எடுத்தேன். சட்டையை விட்டுட்டேன்."

அவர் தாளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் நிறுத்தினார். "இந்தத் தப்பு என் கண்ணையும் சேர்த்து ஏழு பேரு கண்ணைத் தாண்டிப் போயிருக்கு. அது எங்க எல்லாருக்கும் பங்கு. அஞ்சு வாரம் சும்மா இருந்தியே, அது உனக்கு மட்டும்."

அந்த இடம் ஹொசாக்கா அண்ணனுக்குப் போயிற்று. நான் அவருக்குக் கீழே, முன்போலவே ஷாட் வரைகிறேன். இருக்கச் சொன்னதே பெரிது.

அட்டை எழுதியது என் பாட்டி என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊரில் நீங்கள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். தோமே அம்மாவிடம் உங்கள் வாய் தோற்கக் கூடாது. உங்களிடம் மட்டும் என்னால் மறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதினேன்.

கோபமிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.
சனாயே


கமாயா
1 நவம்பர் 1994

என் கண்ணே, சனாயே,

காலையில் புல்மேல் வெள்ளையாக உறைபனி. அப்பாவுக்கு இருமல் திரும்பிவிட்டது, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் தொண்டை சரியில்லை. பயப்படாதே, வெறும் அழுகைதான்.

பாய்லர் அறையில் உட்கார்ந்து படித்தேன். அந்த அட்டையை நான் போட்டிருக்கவே கூடாது. ஒரு பாட்டி தன் பேத்தியைப் புகழ்ந்தால் யார் மதிப்பார்கள் என்று பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டேன். உன்னைப் புகழ்ந்து முடித்துவிட்டு, இடம் மிச்சமிருந்ததால் என்னையும் கொஞ்சம் புகழ்ந்துகொண்டேன். அந்த அட்டையால்தான் உனக்கு அந்த இடம் வந்தது, போகவும் செய்தது. நீ இதை எங்கேயும் எழுதவில்லை. நான் எழுதிக்கொள்கிறேன். உங்கள் இயக்குநருக்கும் நேற்று ஒரு கடிதம் போட்டேன், புருஷன் வீட்டுப் பெயரில். அதில் உனக்காக எதையும் கேட்கவில்லை. அட்டை யாருடையது என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஊறுகாயும் வைத்தேன். அது லஞ்சம் இல்லை, அவருக்குப் பிடிக்கும்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாய். அதை மட்டும் நான் கேட்கவில்லை. நீ போய்ச் சொல்லிவிட்டு வந்தபிறகு நான் மேடையில் உட்கார்ந்து பொய்யைக் காப்பாற்றுவதா? சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. ஜூலையில நான் சொன்னது பொய். அந்தச் சட்டையை என் பேத்தி வேணும்னு அப்படி வரையல. தாளைத் திருப்பிப் போட்டதுல வந்த தப்பு. தோமே சொன்னதுதான் சரி. அவ தன் இயக்குநர்கிட்டயே போய் ஒத்துக்கிட்டா. வந்த பெரிய இடமும் கையை விட்டுப் போயிருச்சு. அதனால நானும் ஒத்துக்கிறேன்." நான் இரண்டு பக்கமும் குனிந்தேன்.

இனே அம்மா துண்டை மடித்துக்கொண்டே, "நீ சொல்றே ஷிகே. படத்துல வர்ற அந்த ஆளு ஒண்ணும் சொல்லலையே" என்றார். "எங்களுக்கு நீயா படம் காட்டினே? அவன்தானே காட்டினான்."

"இல்லைம்மா, அவன் வெறும் கோடு..."

"சும்மா இரு. நான் கட்டிவிட்டவங்க யாரும் என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை. பார்த்தாத் தெரியும்."

தோமே கழுத்து வரைக்கும் தண்ணீரில் இருந்தாள். இதற்காகத்தானே மூன்று மாதம் காத்திருந்தாள், ஊர் முழுக்கச் சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு தண்ணீர் கலையும் சத்தம். எழுந்து மேடைக்கு முன்னால் வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு, வாயில வந்ததை அளக்கிறேன்னு. தெரிஞ்சும் நான் அழுதேனே, அதுக்கு என்னடி சொல்றே? அதையும் தப்புன்னு திருப்பி வாங்கிக்குவியா?"

உன் தாத்தா போனபிறகு முதல் தடவையாக அவள் முன்னால் நான் அழுதேன். "அழுவுறதை அழுதுட்டு ஒரு துண்டைக் குடு, குளிருது" என்றாள்.

ஐந்து வாரம் சும்மா இருந்தாய் என்று உன் இயக்குநர் சொன்னது சரிதான். தண்டனையும் சரிதான். நான் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ஆறாவது வாரம் ஒன்று வந்து, நீ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாயே, அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் பெயர் வந்தபோதுகூட வரவில்லை. அந்த இடம் மறுபடி வரும். வராவிட்டால் ஹொசாக்காவுக்குக் கீழே ஒழுங்காக வரை, அவருக்கும் ஊறுகாய் கொடு. அடுத்த படத்தில் எத்தனை பேரைக் கொல்கிறாய் என்று முன்கூட்டியே எழுது. இங்கே பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

புத்தாண்டுக்கு வந்துவிடு. தொட்டியை உனக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே சூடாக்கி வைக்கச் சொல்கிறேன், கழுத்தை நனைத்துக்கொண்டு கிட.

இனி உன்னைப் பற்றி ஊரில் பெருமை பேசமாட்டேன் என்று எழுதலாமென்றுதான் இந்தக் கடைசித் தாளை எடுத்தேன். இவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யைக் கழுவி முடித்த கடிதத்தில், இன்னொன்றை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் பாட்டி
ஷிகே